கிதார் கம்பியில் பிறந்த சாம்பல் நிறம்

லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு டாட்டூ கடைக்குள் இன்று நுழைந்து, முன்கையில் மயிரிழை கனத்தில் ஒரு ரோஜா வேண்டும், பக்கத்தில் அம்மாவின் முகம் போட்டோவில் உள்ளபடியே இருக்க வேண்டும், கீழே வளைந்த எழுத்தில் அவர் பெயர் வேண்டும் என்று கேட்கலாம். கலர் வேண்டாம், கறுப்பும் சாம்பலும் போதும் என்றால் கடைக்காரர் தலையாட்டிவிட்டு நாள் குறித்துக் கொடுப்பார். அறுபதுகளில் அதே ஊரில் ஒருவர் கையில் இப்படி மெல்லிய கறுப்புக் கோடு தெரிந்தால், அதைப் படமாக யாரும் பார்க்கவில்லை. ஆள் எந்த ஜெயிலில் எத்தனை வருஷம் இருந்துவிட்டு வந்தவன் என்றுதான் மனதுக்குள் கணக்குப் போட்டார்கள்.

'பிளாக் அண்ட் கிரே' என்று இன்று உலகம் முழுக்க வழங்கும் இந்தப் பாணி, கலிபோர்னியாவின் சிறைகளிலும் சிறுவர் சீர்திருத்த இல்லங்களிலும், மெக்சிகோ வம்சாவளியினரான சிக்கானோ இளைஞர்களின் கையில் உருவானது. அதன் அழகு இலக்கணம் என்று இப்போது பாடம் நடத்தப்படுகிற ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஓர் இல்லாமை இருக்கிறது. கலர் மை இல்லை, ஊசிகள் இல்லை, மிஷின் இல்லை. இருந்ததை வைத்துச் சமாளித்ததில் பிறந்தவைதான் அந்தக் குணங்கள்.

கடையில் கிடைத்த படம்

அதற்கு முன் அமெரிக்காவில் டாட்டூ என்றால் துறைமுகத்துக் கடை. சாமுவேல் ஓ'ரெய்லி என்பவர் நியூயார்க்கில் 1891இல் மின்சார டாட்டூ மிஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். எடிசனின் மின்பேனா அதற்கு முன்மாதிரி. அதன் பிறகு மூன்று, ஐந்து, ஏழு என்று ஊசிகளைச் சேர்த்துப் பற்றவைத்துத் தடித்த கோடு இழுப்பது வழக்கமாயிற்று. லாஸ் ஏஞ்சலிஸுக்குத் தெற்கே லாங் பீச்சில் 'பைக்' என்ற கடற்கரைக் கேளிக்கைத் திடலில் இப்படிப்பட்ட கடைகள் வரிசையாக இருந்தன. சுவர் முழுக்க அச்சடித்த மாதிரிப் படங்கள்: நங்கூரம், கழுகு, தகைவிலான் குருவி, அம்பு பாய்ந்த இதயம். கப்பற்படைச் சிப்பாய் உள்ளே வந்து ஒன்றைக் கைகாட்டுவார். கரைக்கு இறங்கக் கிடைத்த சில மணி நேர விடுப்புக்குள் வேலை முடிந்துவிடும்.

அந்தப் படங்களின் குணமே வேகமும் உறுதியும்தான். தடித்த கறுப்பு எல்லைக்கோடு, உள்ளே அடர்ந்த கறுப்பு நிழல், மிச்ச இடத்தில் சிவப்பு, பச்சை, மஞ்சள். தூரத்திலிருந்து பார்த்தாலும் கழுகு கழுகாகத் தெரிய வேண்டும். முப்பது வருடம் கழித்தும் தெரிய வேண்டும். ஹொனலுலுவில் கடை வைத்திருந்த, 'செய்லர் ஜெர்ரி' என்று பெயர்பெற்ற நார்மன் காலின்ஸ் இந்த வழியின் பெரிய கை. ஆனால் இந்த முறையில் ஒரு மனித முகத்தை அடையாளம் தெரிகிற மாதிரி வரைவது கஷ்டம். தடித்த கோட்டுக்குள் மூக்கும் உதடும் பொம்மையாகிவிடும்.

நகரத்தின் கிழக்குப் பக்கத்தில், பாயில் ஹைட்ஸிலும் ஈஸ்ட் லாஸ் ஏஞ்சலிஸிலும் வேறொரு டாட்டூ இருந்தது. நாற்பதுகளின் பச்சுகோ இளைஞர்கள், தொளதொள கால்சட்டையும் நீண்ட கோட்டும் போட்டவர்கள், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் சின்னச் சிலுவை ஒன்றைக் குத்திக்கொண்டார்கள். மேலே மூன்று ஒளிக்கீற்றுகள். தையல் ஊசியில் நூலைச் சுற்றி, இந்தியா மையில் தோய்த்துக் கையாலேயே குத்தியது. 1943 ஜூனில் கப்பற்படைச் சிப்பாய்கள் கூட்டம் கூட்டமாக வந்து இந்த இளைஞர்களைத் தெருவில் இழுத்துப் போட்டு அடித்து, உடையைக் கிழித்தார்கள். அடித்தவர் கையிலும் பச்சை, அடிபட்டவர் கையிலும் பச்சை. ஒன்று தேசபக்தி, மற்றது ரவுடி முத்திரை. இந்தப் பாணியின் கதை நெடுக வரப்போகிற பாகுபாடு அப்போதே தொடங்கிவிட்டது.

செல்லுக்குள் ஒரு பட்டறை

கலிபோர்னியா சிறைகளில் பச்சை குத்துவது அன்றும் குற்றம், இன்றும் குற்றம். பிடிபட்டால் தண்டனை. அதனால் எல்லாமே ஒளித்துவைக்கக் கூடியதாக, பிரித்துப்போட்டால் சந்தேகம் வராததாக இருக்க வேண்டியிருந்தது. முதலில் வெறும் ஊசியும் நூலும். எழுபதுகளில் கேசட் பிளேயர் புழக்கத்துக்கு வந்ததும் அதன் மோட்டார் கைக்குக் கிடைத்தது. வளைத்த டூத் பிரஷ் கைப்பிடியில் மோட்டாரைக் கட்டி, முனையில் ஒரு பால்பாயின்ட் பேனாவின் கூட்டைப் பொருத்துவார்கள். ஊசிக்குக் கிதார் கம்பி. அதைச் சிமென்ட் தரையில் தேய்த்துத் தேய்த்துக் கூராக்கி, பேனாக் கூட்டுக்குள் விட்டு மோட்டாரோடு மாட்டினால் மேலும் கீழும் துள்ளும். ஒருவர் குத்த, இன்னொருவர் வார்டர் வருகிறாரா என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

மை அதைவிடச் சுவையான கதை. குழந்தைகளுக்குத் தடவும் பேபி ஆயிலைத் திரிபோட்டு எரித்து, மேலே மூடியிட்டுப் புகைக்கரியைப் பிடிப்பார்கள். நம் வீடுகளில் விளக்கெண்ணெய் விளக்கின் மேல் தட்டைக் கவிழ்த்துக் கண்மைக்குக் கரி பிடிப்பது போலத்தான். சுரண்டிய கரியில் தண்ணீரும் துளி ஷாம்பூவும் கலந்தால் மை தயார்.

இனி நடந்ததைக் கவனியுங்கள். ஒரே ஒரு கம்பிதான் இருக்கிறது. எனவே கோடு மெல்லியதாகத்தான் விழும். கறுப்பு ஒன்றுதான் இருக்கிறது. எனவே அதைத் தண்ணீரில் நீர்க்கவைத்துச் சாம்பல் நிறங்களை உண்டாக்க வேண்டும். வெள்ளை மை இல்லை; எனவே வெளிச்சம் விழ வேண்டிய இடத்தைத் தொடாமல் தோலாகவே விட்டுவிட வேண்டும். நேரத்துக்கு மட்டும் குறைவே இல்லை. துறைமுகக் கடையில் அரைமணியில் முடிகிற வேலையை இங்கே வாரக்கணக்கில் இழைக்கலாம். கூலி தபால்தலையாக, காபிப் பொட்டலமாக, சிகரெட்டாக வந்தது.

மெல்லிய கோடு, படிப்படியாகக் கரையும் சாம்பல், தோலையே வெளிச்சமாக்குவது, அவசரமில்லாத நுணுக்கம். இன்றைக்கு இந்தப் பாணிக்குச் சொல்லப்படுகிற நான்கு லட்சணங்களும் அந்த செல்லுக்குள்ளேயே முழுமையாகிவிட்டன.

கைக்குட்டையும் காலண்டரும்

கருவி சிறையிலிருந்து வந்தது. படங்கள் எங்கிருந்து வந்தன? அங்கேதான் இந்தக் கலையின் ஆழம் தெரிகிறது.

சிக்கானோ கைதிகளிடம் ஏற்கெனவே ஓர் ஓவியப் பழக்கம் இருந்தது. பெயர் 'பாஞோ'. வெள்ளைக் கைக்குட்டையிலோ கிழித்த தலையணை உறையிலோ பால்பாயின்ட் பேனாவால் படம் வரைந்து மனைவிக்கும் அம்மாவுக்கும் தபாலில் அனுப்புவார்கள். பால்பாயின்ட் பேனாவை அழுத்தாமல் லேசாகத் தேய்த்துத் தேய்த்துத்தான் அதில் நிழல் கொண்டுவர முடியும். துணியில் பழகிய அந்தக் கை அப்படியே தோலுக்கு மாறியது. ஒற்றை ஊசியும் பேனா முனையும் கிட்டத்தட்ட ஒரே கனம்.

படங்களில் முதலிடம் குவாதலூப்பே அன்னைக்கு. 1531இல் ஹுவான் தியேகோ என்ற பூர்வகுடி ஆளுக்கு மெக்சிகோவில் காட்சி தந்ததாக நம்பப்படும் மாதா. சுற்றிலும் கதிர்கள், காலடியில் பிறை. முதுகு முழுக்க மாதாவைக் குத்திக்கொண்டவனை முதுகில் குத்த எவனும் யோசிப்பான் என்பது சிறையில் ஒரு நம்பிக்கை. அடுத்து, கூப்பிய கைகள். இதன் மூலம் ஜெர்மனி. ஆல்பிரெக்ட் டியூரர் 1508இல் ஒரு பலிபீட ஓவியத்துக்கு முன்தயாரிப்பாக வரைந்த கோட்டோவியம், இப்போது வியன்னாவின் ஆல்பெர்டினா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிரார்த்தனை அட்டைகளில் அச்சாகி வீடுவீடாகப் போன படம் அது. அந்த மூலத்தைக் கூர்ந்து பார்த்தால் ஒன்று புரியும். நீலம் பூசிய தாளில் டியூரர் தூரிகையின் மெல்லிய கோடுகளால் நிழலை ஏற்றுகிறார். நடுத்தர நிறத்தைத் தாளே கொடுத்துவிடுகிறது. சுருக்கம் விழுந்த விரல் கணுக்கள், மடிந்த சட்டைக் கை, எல்லாம் கோட்டின் நெருக்கத்தில் உருண்டு வருகின்றன. சிறைக் கலைஞனுக்கும் வேண்டியிருந்தது அதே உத்திதான். தாளின் இடத்தில் அவனுக்குத் தோல்.

மயங்கிக் கிடக்கும் இளவரசியைத் தூக்கி நிற்கும் ஆஸ்டெக் வீரன், ஹெஸுஸ் எல்கேரா என்ற ஓவியரிடமிருந்து வந்தவன். மெக்சிகோவின் இரு எரிமலைகளைப் பற்றிய காதல் கதையை அவர் வரைந்தது காலண்டர் படமாகி, மளிகைக்கடைச் சுவரிலும் சமையலறையிலும் தொங்கியது. சிரிக்கும் மண்டையோடு, பூத்தொப்பி வைத்த எலும்புக்கூட்டுச் சீமாட்டி, இவை ஹோசே குவாதலூப்பே போசாதா (1852–1913) காசுக்கு ஒன்றாக விற்ற அச்சுத்தாள்களில் செதுக்கியவை. சிரிக்கும் முகமூடியும் அழும் முகமூடியும் சேர்ந்த ஜோடி நாடக மேடையின் பழைய சின்னம். இன்று சிரி, நாளை அழுதுகொள் என்பது அதற்குத் தெரு கொடுத்த பொருள்.

எழுத்து தனிக்கலை. பழைய பத்திரிகைத் தலைப்புகளிலும் பட்டயங்களிலும் காணும் கூர்முனை கோதிக் எழுத்தைத்தான் லாஸ் ஏஞ்சலிஸ் சிக்கானோக்கள் சுவரில் எழுதினார்கள். அரசாங்கக் காகிதத்தின் கம்பீரம் தங்கள் தெருப் பெயருக்கும் வேண்டும் என்ற எண்ணம். அந்தச் சுவரெழுத்தில் வளர்ந்த சாஸ் போஹோர்கேஸ், 1969இல் தொப்பியும் விலங்கு ரோமக் காலரும் அணிந்து, விரல்களைப் பின்னிச் சிரிக்கும் ஒரு மண்டையோட்டை ஸ்டென்சிலில் வரைந்தார். 'சென்யோர் சுவெர்ட்டே', அதிர்ஷ்டக்காரர். அந்தப் பகுதி இளைஞர்கள் அதைச் சாவிலிருந்து காக்கும் சின்னமாக உடம்பில் குத்திக்கொண்டார்கள். சுவரில் இருந்தது சிறைக்குள் போயிற்று. போஹோர்கேஸின் ஓவியம் ஒன்று இப்போது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அமெரிக்க ஓவிய அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

விட்டியர் பொலிவார்டு, 1975

சிறைப் பாணி தெருவுக்கு வந்த இடத்தைத் துல்லியமாகச் சொல்ல முடிகிறது. ஈஸ்ட் லாஸ் ஏஞ்சலிஸின் விட்டியர் பொலிவார்டு, உயரத்தைத் தாழ்த்திய லோரைடர் கார்கள் வார இறுதிகளில் ஊர்ந்து போகும் சாலை. 1970 ஆகஸ்ட் 29இல் வியட்நாம் போருக்கு எதிராகச் சிக்கானோக்கள் பேரணி நடத்தியபோது, பத்திரிகையாளர் ரூபன் சலசார் கண்ணீர்ப்புகைக் குண்டு தாக்கி இறந்ததும் இதே சாலையில் இருந்த மதுக்கடையில்தான்.

1975இல் சார்லி கார்ட்ரைட்டும், முன்னாள் மரைன் வீரரான ஜாக் ரூடியும் இங்கே 'குட் டைம் சார்லிஸ் டாட்டூலேண்ட்' என்ற கடையைத் திறந்தார்கள். இருவரும் வெள்ளையர்கள், லாங் பீச் பைக் வழியில் வந்தவர்கள். உள்ளே வந்த வாடிக்கையாளர்கள் நங்கூரத்தையும் கழுகையும் திரும்பிப் பார்க்கவில்லை. சட்டையைத் தூக்கி, சிறையில் குத்தியதைக் காட்டி, இந்த மாதிரி வேண்டும் என்றார்கள். கடை மிஷினோ பல ஊசிகளுக்கானது. இருவரும் அதைத் திருத்தி ஒற்றை ஊசியில் ஓடவைத்தார்கள். கறுப்பு மையைச் சின்னக் கிண்ணங்களில் ஒன்றைவிட ஒன்று நீர்க்கச் செய்து, சாம்பலின் படிகளை முன்கூட்டியே தயாராக வைத்துக்கொண்டார்கள். சிறையின் கைப்பக்குவம் தொழில்முறைக் கருவிக்குள் வந்தது அப்படித்தான்.

ஆனால் அந்தக் கைப்பக்குவத்தின் சொந்தக்காரர் கடைக்குள் வந்தது இரண்டு வருடம் கழித்து. ஃப்ரெடி நெக்ரெட்டே, சிறுவர் சீர்திருத்த இல்லத்தில் பழகிய கை; வெளியே வந்து பேட்டையில் பச்சை குத்திக்கொண்டிருந்தார். 1977இல் டான் எட் ஹார்டி அந்தக் கடையை வாங்கினார். பின்னாளில் டி-ஷர்ட்டுகளில் நம்மூர்க் கடைகள் வரை வந்த அதே எட் ஹார்டி. சான் ஃபிரான்சிஸ்கோவில் ஓவியக் கல்லூரியில் படித்து, ஜப்பானில் ஹோரிஹிதேயிடம் வேலை பழகி வந்தவர். அதே ஆண்டில் நெக்ரெட்டே வேலைக்குச் சேர்ந்தார். 1980இல் அவருக்கு ஆண்டின் சிறந்த டாட்டூ கலைஞர் விருது கிடைத்தது. சிறையில் கற்றதற்குத் தண்டனை மட்டுமே வாங்கிய ஒரு தலைமுறையில், அதே வித்தைக்கு மேடையேறிப் பரிசு வாங்கியவர் அவர்.

ஒற்றை ஊசி தொழில்முறை ஆனதும் பெரிய கதவு ஒன்று திறந்தது. முகம் வரைய முடிந்தது. இறந்த தம்பியின் பள்ளிக்கூட போட்டோ, பாட்டியின் கல்யாண போட்டோ, கைக்குழந்தை. எல்லைக்கோடே இல்லாமல் நிழலால் மட்டும் கன்னம் எழுந்து வந்தது. இன்று 'ரியலிசம்' என்ற பெயரில் உலகம் முழுக்க ஓடும் டாட்டூ பாணிக்கு இது முக்கியமான ஊற்று. சென்னை ஸ்டூடியோக்களில் அப்பா முகத்தைக் கறுப்பு-சாம்பலில் முன்கையில் போட்டுக்கொள்பவர்களும், நெஞ்சில் சிவனைப் புகை போன்ற நிழலில் வரைந்துகொள்பவர்களும் தெரிந்தோ தெரியாமலோ விட்டியர் பொலிவார்டின் வாரிசுகள்தான்.

மேற்கே நகர்ந்த ஊசி

எண்பதுகளில் பாஸ்டன்காரரான மார்க் மஹோனி லாஸ் ஏஞ்சலிஸ் வந்து இந்த ஒற்றை ஊசி வேலையைக் கற்றுத் தேர்ந்தார். 2002இல் ஹாலிவுட் பக்கம், சன்செட் சாலையில் 'ஷாம்ராக் சோஷியல் கிளப்' திறந்தார். சினிமாக்காரர்களும் பாடகர்களும் வந்து உட்கார்ந்தார்கள். அங்கே சீடராக இருந்த பிரையன் வூ, 'டாக்டர் வூ' என்ற பெயரில், வட்டங்களும் நுண்ணிய கோடுகளும் சேர்ந்த படங்களால் இன்ஸ்டாகிராம் தலைமுறையின் நட்சத்திரமானார். லோரைடர் கார்களில் ஏர்பிரஷ் வேலை செய்து வந்த மிஸ்டர் கார்ட்டூன், எமினெமுக்கும் ஃபிஃப்டி சென்ட்டுக்கும் பச்சை குத்தினார். நைக்கி ஷூவுக்கும் வடிவமைத்தார். அவரையும் போட்டோகிராஃபர் எஸ்டெவன் ஓரியோலையும் பற்றி 2020இல் நெட்ஃபிளிக்ஸில் ஆவணப்படம் வந்தது. 2010இல், கடற்கரை ஊரான ஹெர்மோசா பீச்சில் டாட்டூ கடைகளுக்கு இருந்த தடையை எதிர்த்த வழக்கில், பச்சை குத்துவது அரசியல் சாசனம் காக்கும் கருத்து வெளிப்பாடு என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கருவிகளை இப்போது பார்த்தால் அடையாளமே தெரியாது. பேனா வடிவில், சத்தமில்லாத ரோட்டரி மிஷின். ஒரு ஆளுக்கு ஒன்று என்று போட்டுவிட்டுத் தூக்கியெறியும் கிருமி நீக்கிய ஊசிக் கார்ட்ரிட்ஜ். சாம்பலின் படிகள் வரிசையாகப் பாட்டிலில் அடைத்தே கிடைக்கின்றன. படத்தை ஐபேடில் வரைந்து, ஸ்டென்சில் பிரின்டரில் எடுத்து ஒட்டுகிறார்கள். ஒரே ஊசியைப் பலருக்குக் குத்தி மஞ்சள்காமாலைக் கிருமி பரவிய காலம் போயிற்று என்பது சின்ன லாபமல்ல.

பாணியும் இளைத்திருக்கிறது. முதுகு நிறைந்த மாதா, விலாவில் கோபுரக் காவல் உள்ள சிறைமதில் என்று உடம்பை நிறைத்த கலை, இப்போது மணிக்கட்டில் ஒரு கிளை, காதுக்குப் பின்னால் ஒரு நட்சத்திரம் என்று சுருங்கிவிட்டது. இதில் ஒரு தொழில்நுட்பச் சிக்கல் உண்டு. மை மேல்தோலுக்குக் கீழடுக்கில் நிற்கிறது. அதைப் பிடித்துவைத்திருப்பவை நம் உடம்பின் தற்காப்பு அணுக்கள். வருடங்கள் போகப்போகக் கோடு கொஞ்சம் விரியும், வெளிர் சாம்பல் கரையும். பழைய சிக்கானோ கலைஞர்கள் மெல்லிய கோட்டுக்குப் பக்கத்தில் எங்காவது அடர்ந்த கறுப்பை வைத்து அதைத் தாங்கவைத்தார்கள். அடர்த்தியே இல்லாத குட்டிப் படங்கள், போட்ட அன்றைய போட்டோவில் மின்னுகிற அளவுக்குப் பத்து வருடம் கழித்து மின்னுவதில்லை.

யார் தோலில் இருக்கிறது

இதே நகரத்தில், பாயில் ஹைட்ஸில் பாதிரியார் கிரெக் பாயில் 1988இல் தொடங்கிய பணி 'ஹோம்பாய் இண்டஸ்ட்ரீஸ்' என்ற நிறுவனமாக வளர்ந்திருக்கிறது. சிறையிலிருந்தும் கும்பல்களிலிருந்தும் வெளியே வருகிறவர்களுக்கு அங்கே வேலை தருகிறார்கள். பச்சையை லேசர் வைத்து இலவசமாக அழித்தும் தருகிறார்கள். நெற்றியிலும் கழுத்திலும் எழுத்தோடு வேலை கேட்டுப் போனால் கதவு திறப்பதில்லை. லேசருக்கு எளிதில் உடைவது கறுப்பு மைதான். அதனால் சிறைக் கரியில் குத்தியது மற்ற கலர்களைவிடச் சீக்கிரம் கரைகிறது. சன்செட் சாலையில் மாதக்கணக்கில் காத்திருந்து பணம் கொட்டிப் போட்டுக்கொள்கிற அதே சாம்பல் நிறத்தை, ஹோம்பாயில் வரிசையில் நின்று அழித்துக்கொள்கிறார்கள்.

கலிபோர்னியா காவல்துறையின் கும்பல் தரவுத்தளத்தில் ஒருவர் பெயரைச் சேர்க்க, உடம்பிலுள்ள பச்சை இன்றும் ஓர் ஆதாரம். 2024 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கும் இங்கே பேச வேண்டியது. லாஸ் ஏஞ்சலிஸில் வக்கீலாக இருக்கும் ஓர் அமெரிக்கப் பெண். அவர் கணவர் எல் சல்வடோர்காரர். 2015இல் அவருக்கு விசா மறுக்கப்பட்டது. எம்.எஸ்-13 என்ற கும்பலைச் சேர்ந்தவர் என்று அதிகாரிகளுக்குச் சந்தேகம். அந்த முடிவுக்கு அவர்கள் கணக்கில் எடுத்தவற்றில் உடம்பிலிருந்த பச்சைகளும் உண்டு. அங்கே இருந்தவை: குவாதலூப்பே அன்னை, நாடக முகமூடிகள், சிக்மண்ட் ஃப்ராய்டின் பக்கவாட்டு முகம். இவை எதுவும் கும்பல் சின்னமல்ல என்று துறை வல்லுநர் ஒருவர் எழுதிக் கொடுத்தார். ஆனாலும் கணவரை நாட்டுக்குள் அழைத்துவரும் அடிப்படை உரிமை மனைவிக்கு இல்லை என்று 6-க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது.

அன்று கேவலமாகப் பார்க்கப்பட்டது இன்று கௌரவமாகிவிட்டது என்று இந்தக் கதையை முடித்துவிட முடியாததற்கு இதுதான் காரணம். ஊசி மாறியது, மை மாறியது, கடை கிழக்கிலிருந்து மேற்கே போனது, நீதிமன்றம் அதைக் கருத்துரிமை என்று ஒப்புக்கொண்டது. இத்தனை மரியாதையும் பாணிக்குத்தான் கிடைத்திருக்கிறது. நடிகர் ஒருவர் தோளில் இருக்கும் மாதாவைப் பத்திரிகைகள் பக்கம் ஒதுக்கிப் பாராட்டுகின்றன. அதே மாதா விசா கவுன்டருக்கு வந்தவர் தோளில் இருந்தால், அதிகாரி அதைக் கோப்பில் குறித்துக்கொள்கிறார்.